மூளி விழுந்த பழைய சவரக்கத்தி: வாசகர் கேள்வி–பதில்

மடக்குச் சவரக்கத்தியைப் பற்றி வாசகர்களிடமிருந்து வந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே குறையைப் பற்றியவை: கத்தியின் வாயில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் விழுந்திருக்கும் சிறு மூளிகள். எனவே இம்முறை அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் தாத்தாவின் சவரக்கத்தி ஒன்று பழைய பெட்டியில் கிடைத்தது. காம்பில் "சோலிங்கன், ஜெர்மனி" என்ற முத்திரை இருக்கிறது. அகலம் 5/8 அங்குலம். மேலோட்டமான துருவைத் துடைத்து எடுத்துவிட்டேன். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸில் பார்த்தால் வாயில் மூன்று இடங்களில் ஊசிமுனை அளவு மூளி தெரிகிறது. அவற்றில் ஒன்று நுனியை ஒட்டி இருக்கிறது. 8000 நம்பர் கல்லில் பல நாட்கள் தீட்டியும் மூளி போகவில்லை. கத்தி முடியை வெட்டுகிறது, ஆனால் கன்னத்தில் வைத்தால் இழுக்கிறது. சாணை பிடிப்பவரிடம் கொடுத்துவிடலாமா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து சாணைச் சக்கரத்தில் கொடுக்காதீர்கள். அரிவாள்மனைக்கும் வெட்டுக்கத்திக்கும் அந்தச் சக்கரம் பொருத்தமானது. அவற்றின் வாய் தடித்தது, சூட்டைத் தாங்கும். உங்கள் கத்தி இரு பக்கமும் குழிவாகக் கடையப்பட்டது. வாயை ஒட்டிய பகுதியில் எஃகு தாளைப் போல மெலிந்திருக்கும். இவ்வகைக் கார்பன் எஃகுக்கு ஏறத்தாழ 150 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில்தான் பதம் இறக்கியிருப்பார்கள். ஓடும் சக்கரத்தில் அந்த மெல்லிய வாய் ஒரு நொடியில் அதைத் தாண்டிச் சூடேறி நீலம் பாய்ந்துவிடும். பதம் போன இடம் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. தாத்தா விட்டுச்சென்ற எஃகை அதற்குப் பிறகு மீட்க வழியில்லை.

8000 நம்பர் கல்லில் மூளி போகாததற்கு உங்கள் கை காரணமன்று. அந்தக் கல்லின் வேலை அதுவன்று. 5/8 அங்குலம் என்பது ஏறத்தாழ 16 மில்லிமீட்டர். அந்த அகலமுள்ள கத்தியின் முதுகு வழக்கமாக ஐந்து மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த தடிமன் கொண்டிருக்கும். கத்தியைக் கல்லில் படுக்கவைக்கும்போது முதுகும் வாயும் ஒருசேரக் கல்லைத் தொடுவதால், இந்த இரண்டு அளவுகளே வாயின் கோணத்தைத் தீர்மானிக்கின்றன. கணக்கிட்டால் அது 17 டிகிரியை ஒட்டி வருகிறது. இந்தக் கோணத்தில் 0.1 மில்லிமீட்டர் ஆழமுள்ள ஒரு மூளியை அடியோடு அழிக்க வேண்டுமானால், வாயின் இரு பக்கச் சரிவுகளிலிருந்தும் தலா 15 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் பதினைந்து பங்கு, எஃகு தேய்ந்தாக வேண்டும். கேட்பதற்கு இது அற்பமான அளவாகத் தோன்றும். ஆனால் 8000 நம்பர் கல்லில் உள்ள துகள்கள் இரண்டு மைக்ரானுக்கும் சிறியவை. அவை எஃகை மெருகேற்றுமே தவிர அள்ளி எடுக்காது. பல நாட்கள் தீட்டியதில் மூளியின் ஓரங்கள் பளபளப்பாகியிருக்கும், ஆழம் அப்படியே நின்றிருக்கும். முடி வெட்டுப்படுவதும் கன்னத்தில் இழுப்பதும் ஒரே கத்தியில் நிகழ்வதற்குக் காரணம் இதுதான்: மூளிகளுக்கு இடைப்பட்ட வாய் கூராக இருக்கிறது, மூளியின் விளிம்புகள் முடியைப் பற்றி இழுக்கின்றன.

ஆகவே நீங்கள் 1000 நம்பர் நீர்க்கல்லுக்குத் திரும்ப வேண்டும். அதன் துகள் ஏறத்தாழ 14 மைக்ரான். உங்கள் மூளியின் அளவுக்கு அது போதும். 400, 300 என்று இன்னும் சொரசொரப்பான கல்லுக்குப் போக ஆசை எழலாம். வேலை சீக்கிரம் முடியும் என்பதும் உண்மைதான். ஆனால் அந்தக் கற்கள் உண்டாக்கும் ஆழமான கீறல்களின் முனைகள் வாயைச் சந்திக்கும் இடமெல்லாம் புதிய மூளிக்கு விதையாகிவிடும். ஊசிமுனை அளவு மூளிக்கு 1000 நம்பருக்குக் கீழே போகத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து.

கத்தியைத் தொடுவதற்கு முன் கல்லைச் சமதளமாக்குங்கள். கல்லின் மேல் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டங்கள் வரைந்து, தடித்த கண்ணாடித் தட்டின் மேல் 400 நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்து ஒட்டவைத்து, கல்லை அதன் மேல் தேயுங்கள். எல்லாக் கோடுகளும் அழிந்தால்தான் கல் சமமாயிற்று என்று பொருள். பிறகு கல்லின் ஓரங்களைச் சற்றே மழுக்கிவிடுங்கள். கூரான கல் ஓரத்தில் வாய் இடித்தால் அங்கேயே ஒரு மூளி விழும். கடைசியாகக் கல்லை ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். தாளிலிருந்து உதிர்ந்த ஒரு துகள் கல்லில் தங்கினாலும் அது செய்யும் கேடு பெரிது.

இனித் தீட்டும் முறை. முதுகும் வாயும் எப்போதும் கல்லில் படிந்திருக்க, கத்தியைச் சிறு வட்டங்களாகக் கல்லின் மேல் நகர்த்துங்கள். ஒரு பக்கம் முப்பது வட்டங்கள் சுற்றினால் மறு பக்கமும் முப்பது சுற்றுங்கள். எண்ணிக்கை முக்கியமன்று, இரு பக்கமும் சமமாகத் தேய்வதே முக்கியம். முதல் கட்டத்தில் கத்தியின் எடையோடு ஒரு விரலின் இலேசான அழுத்தம் சேரலாம். அதற்கு மேல் அழுத்தினால் குழிவாகக் கடைந்த மெல்லிய எஃகு வளைந்துகொடுக்கும். வாய் கல்லிலிருந்து விலகி, சரிவின் மேற்பகுதி மட்டும் தேயும். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் கத்தியைத் துடைத்து, விளக்கின் கீழ் வாயை நேராக உங்களை நோக்கி வைத்துப் பாருங்கள். கூரான வாய் ஒளியைத் திருப்பாது. கறுத்த கோடாகத்தான் தெரியும். மூளி உள்ள இடம் ஒரு வெள்ளைப் புள்ளியாக மின்னும். அந்தப் புள்ளி சுற்றுக்குச் சுற்று சிறுத்து வருவதைக் காணலாம். மின்னல் அடியோடு மறைந்த பிறகும் லென்ஸில் ஒருமுறை பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

இந்த வேலையில் பலரும் செய்துவிடும் ஒரு காரியத்தைத் தவிர்க்கும்படி வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். மூளி இருக்கும் இடத்தை மட்டும் கல்லில் வைத்துத் தேய்த்தால் மூளி விரைவில் மறையும். ஆனால் வாய் அந்த இடத்தில் உள்வாங்கிப் பள்ளமாகிவிடும். உள்வாங்கிய வாய் சமமான கல்லிலும், கடைசியில் கத்தியை இழுத்துத் தீட்டும் தோல்பட்டையான தோல்வாரிலும் நடுவில் படாது. சவரக்கத்தியின் வாய் நேர்க்கோடாக இருக்கலாம், வெளிப்புறம் சற்றே வளைந்தும் இருக்கலாம், உள்வளைவு மட்டும் கூடாது. ஆகவே மூளி மூன்று இடத்தில் இருந்தாலும், அவற்றில் மிக ஆழமான மூளியின் அடிமட்டத்துக்கு முழு வாயையும் கொண்டுவர வேண்டும், வேறு வழியில்லை.

நுனியை ஒட்டிய மூளிக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. அது நுனியிலிருந்து ஓரிரு மில்லிமீட்டருக்குள் இருக்குமானால், கூரான அந்த மூலையையே கல்லில் மெல்ல உருட்டி வளைவாக்கிவிடலாம். மூளியும் அந்த வளைவில் கரைந்துபோகும். காது மடலின் ஓரத்தைக் கிழிக்கும் முனை இல்லாமற்போவது கூடுதல் நன்மை. முழு வாயிலிருந்தும் எஃகை இழப்பதைவிட இது மேலானது.

மூளிகள் போன பின், 1000 நம்பர் கல்லிலேயே வாய் முழுமையாக அமைந்துவிட்டதா என்று சோதியுங்கள். எழுதும் மார்க்கர் பேனாவால் சரிவின் மேல் கோடிழுத்து, எடையே இல்லாமல் ஓரிரு முறை தீட்டிப் பாருங்கள். மை வாய் வரை முழுவதும் அழிந்திருந்தால் சரிவு சேர்ந்துவிட்டது. வாயை ஒட்டி மெல்லிய மைக்கோடு எஞ்சினால் இன்னும் வேலை இருக்கிறது. முன்கை முடியைத் தோலை ஒட்டி, அடி முதல் நுனி வரை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மழிக்கவும் வேண்டும். இந்தச் சோதனையில் தேறாத கத்தியை அடுத்த கல்லுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

அதன் பிறகு 4000 அல்லது 5000, பிறகு 8000, வசதி இருந்தால் 12000 என்று மேலே போகலாம். இந்தக் கற்களில் வட்டங்களைக் குறைத்து, வாய் முன்செல்ல, அடியிலிருந்து நுனிவரை கல்லைக் குறுக்காகக் கடக்கும்படி மூலைவிட்டமாக இழுத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் பக்கத்தை மாற்றுங்கள். முந்தைய கல்லின் கீறல்கள் மறைந்தனவா என்று பார்ப்பது மட்டுமே இங்கே வேலை. அழுத்தம் படிப்படியாகக் குறைந்து, கடைசிக் கல்லில் கத்தியின் எடை மட்டுமே நிற்க வேண்டும். பின்னர் துணிவாரில் இருபது முப்பது முறையும் தோல்வாரில் ஐம்பது அறுபது முறையும், முதுகு முன்செல்ல இழுத்துப் பக்கம் மாற்றினால் கத்தி கன்னத்துக்குத் தயார்.

கேள்வி: 1000 நம்பர் கல்லில் மூளிகளை முழுவதும் நீக்கிவிடுகிறேன். ஆனால் 8000 முடித்து லென்ஸில் பார்த்தால் புதிதாக மிகச் சிறிய மூளிகள் தோன்றியிருக்கின்றன. திரும்பத் திரும்ப இதுவே நடக்கிறது. சவரம் செய்தால் இன்னும் கூடுகிறது. எஃகே கெட்டுவிட்டதா?
— வாசகர், திருச்சி

பதில்: எஃகைக் குறை சொல்வதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். மூளிகள் எந்தெந்த இடத்தில் வருகின்றன என்று ஒரு தாளில் கத்தியின் படம் வரைந்து குறித்துவையுங்கள். அடுத்த முறையும் குறியுங்கள். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் வந்தால் குறை கல்லிலோ கையிலோ இருக்கிறது. அதே இடத்தில் மீண்டும் மீண்டும் வந்தால் குறை எஃகில் இருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் மறுபடியும் 1000 நம்பரிலிருந்து தொடங்குவது, கத்தியின் ஆயுளை வீணே கரைப்பதாகும்.

இடம் மாறி மாறி வருமானால், பெரும்பாலும் அது பிசிறின் வேலை. 1000 நம்பர் கல்லில் நெடுநேரம் அழுத்தித் தேய்க்கும்போது, இரு சரிவுகளும் சேர்ந்த பின்பும் தேய்ப்பு தொடர்ந்தால், வாயின் ஓரத்தில் தாங்குவதற்கு எஃகில்லாத மிக மெல்லிய ஓர் ஏடு நீண்டு நிற்கும். லென்ஸில் அது நேரான, அழகான வாயாகவே தெரியும். அடுத்த கல்லுக்குப் போனதும் அந்த ஏடு துண்டு துண்டாக முறிகிறது; முறிந்த இடங்களே நீங்கள் காணும் புதிய மூளிகள். இதற்குத் தீர்வு எளிது. 1000 நம்பர் வேலை முடிந்தவுடன், வாயைக் கல்லுக்குச் செங்குத்தாகப் பிடித்து, எடையே படாமல் கல்லின் மேல் ஒரே ஒரு முறை இழுத்துவிடுங்கள். பிசிறு உதிர்ந்துவிடும், வாயும் சற்று மழுங்கும். அதன் பின் அதே 1000 நம்பரில் மிக இலேசான இழுப்புகளால் சரிவுகளை மறுபடி சேர்த்து, மின்னல் மறைந்த அந்தக் கணத்திலேயே நிறுத்துங்கள். அதற்கு மேல் இழுக்கும் ஒவ்வொரு இழுப்பும் புதிய பிசிறை வளர்க்கும்.

அடுத்த சந்தேகம் கல்லின் தூய்மையின் மேல் விழ வேண்டும். சொரசொரப்பான கல்லின் துகள்கள் கத்தியின் காம்பிலும் கைப்பிடியின் இடுக்கிலும் கைவிரலிலும் ஒட்டிக்கொண்டு மெருகுக் கல்லுக்கு வந்துவிடும். ஒவ்வொரு கல்லுக்கும் இடையில் கத்தியையும் கையையும் கழுவி, தண்ணீரையும் மாற்றுங்கள். கல்லின் மேல் படியும் கரிய எஃகுச் சேற்றைக் காயவிடாதீர்கள். கூரான வாய் அந்தச் சேற்றில் இடித்தபடியே செல்வதும் அதற்குக் கேடுதான்.

மூளிகள் அதே இடத்தில் வருமானால் அங்கே துரு உள்ளே இறங்கியிருக்கிறது என்று கொள்ளலாம். பழைய கத்தியில் வெளித்துருவைத் துடைத்தபின் எஞ்சும் கரும்புள்ளிகள் வெறும் கறையல்ல. ஒவ்வொன்றும் எஃகுக்குள் இறங்கிய ஒரு குழி. நீங்கள் வாயைத் தேய்த்து உள்ளே கொண்டுபோகும்போது, அதுவரை சரிவின் மேல் இருந்த குழி வாய்க்கோட்டைத் தொடுகிறது, அங்கே எஃகு நொறுங்கி மூளியாகிறது. குழி ஆழமற்றதானால் இன்னும் சிறிது தேய்த்து அதைக் கடந்துவிடலாம். வாயை ஒட்டிக் குழிகள் வரிசையாக இருந்தால் கடக்கக் கடக்க அடுத்தது வரும். அத்தகைய கத்தியைச் சவரத்துக்கு என்று வைத்துக்கொள்ளாமல் இருப்பதே நல்லது.

பழைய கைப்பிடிகளைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பல கத்திகளுக்குச் செல்லுலாய்டால் கைப்பிடி செய்தார்கள். அது நைட்ரோசெல்லுலோஸ்; வயதாகச் சிதையும்போது அமிலப் புகையை வெளிவிடும். மடித்து வைத்த கத்தியின் வாய் அந்தப் புகைக்கு நடுவில்தான் கிடக்கிறது. ஆமை ஓட்டைப் போலவோ தந்தத்தைப் போலவோ செய்த கைப்பிடியில் கற்பூர வாடையும் மயிரிழை வெடிப்புகளும் தென்பட்டால், அதே இடத்துக்கு நேராக எஃகில் குழிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், கைப்பிடியை மாற்றாமல் வாயை மட்டும் செப்பனிடுவதில் பயனில்லை.

சவரத்தின்போது மூளி கூடுவதற்குத் தனிக் காரணம் உண்டு. எஃகைவிட முடி ஐம்பது மடங்கு மென்மையானது; அது எப்படி எஃகை உடைக்கும் என்று எவருக்கும் தோன்றும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்து உலோகவியல் ஆய்வாளர்கள் இதை மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, 2020-ஆம் ஆண்டு "சயின்ஸ்" ஆய்விதழில் வெளியிட்டார்கள். அவர்கள் சோதித்தவை வீசியெறியும் ரேசர் பிளேடுகள். முடி வளைந்து, வாயைப் பக்கவாட்டில் தள்ளும்போது, அந்த இடத்தில் எஃகின் உள்ளமைப்பு ஒரு சீராக இல்லாமலோ ஏற்கெனவே சிறு பிளவு இருந்தோ இருந்தால், அழுத்தம் அந்தப் புள்ளியில் குவிந்து துணுக்கு பெயர்ந்துவிடுகிறது என்பது அவர்களுடைய முடிவு. நம் கத்திக்கும் இதில் பாடம் இருக்கிறது. 1000 நம்பர் கல்லின் ஒரு கீறல் மெருகேறாமல் வாயில் எஞ்சியிருந்தால் முடி அங்கேதான் உடைப்பைத் தொடங்கும். வெந்நீரில் நன்கு ஊறி மென்மையான தாடியும், தோலுக்கு 30 டிகிரியை மீறாமல் பிடித்த கத்தியும் வாயின் மேல் விழும் பக்கவாட்டுத் தள்ளலைக் குறைக்கும்.

கேள்வி: தீட்டும்போது கத்தியின் முதுகில் இன்சுலேஷன் டேப் ஒட்ட வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள், கூடாது என்று சிலர் சொல்கிறார்கள். மூளி நீக்கும்போது எது சரி?
— வாசகர், சென்னை

பதில்: இரண்டுக்கும் நியாயம் உண்டு. டேப் இல்லாமல் தீட்டினால் முதுகும் வாயும் சேர்ந்தே தேய்வதால், கத்தியைச் செய்தவர் வைத்த கோணம் ஆண்டுகள் கடந்தும் மாறாமல் இருக்கும். வழக்கமான தீட்டலுக்கு நான் டேப் ஒட்டுவதை விரும்புவதில்லை.

மூளி நீக்குவது வழக்கமான தீட்டல் அன்று. 1000 நம்பர் கல்லில் நெடுநேரம் தேய்க்கும்போது முதுகில் அகலமான தட்டைப் பட்டை விழுந்துவிடும். முதுகில் பூவேலையோ பொன்முலாமோ இருந்தால் அது அழிந்தே போகும். அந்த ஒரு வேலைக்கு மட்டும் ஒரே ஓர் அடுக்கு டேப் ஒட்டுவது தகும். டேப்பின் தடிமன் ஏறத்தாழ 0.15 மில்லிமீட்டர் என்று கொண்டால், முதுகின் இரு பக்கமும் சேர்ந்து 0.3 மில்லிமீட்டர் கூடுகிறது. 5/8 அங்குலக் கத்தியில் இது கோணத்தை ஏறத்தாழ ஒரு டிகிரி உயர்த்தும். சவரத்தில் அது பெரிதாகத் தெரியாது. ஆனால் டேப்போடு அமைத்த வாயை டேப் இல்லாமல் மெருகேற்ற முயன்றால் அடுத்த கல் வாயைத் தொடவே தொடாது. சரிவின் மேற்பகுதியைத்தான் தேய்த்துக்கொண்டிருக்கும். டேப்போடு தொடங்கினால் டேப்போடுதான் முடிக்க வேண்டும். டேப் கிழிந்து எஃகு தெரிந்தால் உடனே மாற்றுங்கள், ஒவ்வொரு கல்லுக்கும் புதிதாக ஒட்டுங்கள்.

பொடிப்பொடியாக உதிரும் எஃகுக்கு இந்த ஒரு டிகிரி மருந்தாகவும் அமையும். மேலே திருச்சி வாசகருக்குச் சொன்ன எல்லாவற்றையும் செய்தும் வாய் நிலைக்கவில்லையானால், 8000 நம்பரில் டேப் ஒட்டிப் பத்துப் பதினைந்து மெல்லிய இழுப்புகள் போட்டுப் பாருங்கள். வாயின் நுனியில் சற்றே தடித்த இன்னொரு சரிவு அமைந்து எஃகுக்கு வலு சேர்க்கும்.

கேள்வி: எங்கள் வீட்டில் "ஷெஃபீல்டு" முத்திரை மட்டும் உள்ள, ஆப்பு வடிவத்தில் தடித்த ஒரு கத்தி இருக்கிறது. அகலம் 20 மில்லிமீட்டர். வாயின் நடுவில் ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்கு மூளி. இதை மீட்க முடியுமா?
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: முடியும். ஆனால் இது சிறு மூளி அன்று என்பதை முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும். குழிவாகக் கடையும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவலாயிற்று. இங்கிலாந்தின் கத்தித் தொழில் நகரமான ஷெஃபீல்டில் அதற்கு முன் செய்த கத்திகள் உங்களுடையதைப் போலத் தடித்தவை. அமெரிக்காவின் 1890-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயரைப் பொறிக்கும்படி கட்டாயமாக்கியதால், அதன் பின் ஏற்றுமதிக்காகச் செய்த கத்திகளில் "இங்கிலாந்து" என்ற சொல்லும் பெரும்பாலும் சேர்ந்திருக்கும். அது இல்லாததும் ஆப்பு வடிவமும் சேர்ந்து உங்கள் கத்தியின் முதுமையைச் சுட்டுகின்றன. இதை மட்டும் வைத்து ஆண்டைத் துணிந்து சொல்ல முடியாது என்றாலும், ஒன்றுக்கு இரண்டு முறை யோசித்துக் கல்லில் வைக்க வேண்டிய பொருள் என்பதில் ஐயமில்லை.

ஒரு மில்லிமீட்டர் மூளியைச் சரிவின் பக்கமாகத் தேய்த்தே போக்குவதென்றால் முதுகும் அளவின்றித் தேயும். எனவே வாயைக் கல்லுக்குச் செங்குத்தாக நிறுத்தி, கத்தியின் நீளவாக்கில், இலேசான கையோடு முன்னும் பின்னும் இழுத்து, மூளியின் அடிமட்டம் வரை வாயை இறக்க வேண்டும். வாயின் பழைய வளைவு மாறாமல் இருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள். முடித்தபின் உங்கள் கத்தியில் வாய் இருந்த இடத்தில் ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் தடிமனுள்ள தட்டையான விளிம்பு நிற்கும். கத்தி அகலம் குறைந்ததால் கோணமும் ஒரு டிகிரிக்குச் சற்றுக் குறைவாக உயர்ந்திருக்கும். அந்தத் தட்டை விளிம்பு மறையும்வரை இரு சரிவுகளையும் மீண்டும் உருவாக்க வேண்டும். ஆப்பு வடிவக் கத்தியில் சரிவு மிக அகலமானது, தேய்க்க வேண்டிய எஃகும் அதிகம். முதுகில் டேப் ஒட்டி, இந்த இடத்தில் மட்டும் 400 நம்பர் கல்லில் தொடங்கி, தட்டை விளிம்பு மயிரிழையாக மெலிந்ததும் 1000 நம்பருக்கு மாறுங்கள். ஒரே நாளில் முடிக்க நினைத்தால் கை சோர்ந்து கோணம் பிசகும். சவரம் செய்யும் எண்ணம் இல்லாமல் நினைவுப் பொருளாக வைத்திருப்பதற்கு என்றால், மூளியோடு அப்படியே விட்டுவிடுவதையே பரிந்துரைப்பேன்.

கேள்வி: மூளியிலிருந்து முதுகை நோக்கி ஒரு மெல்லிய கோடு போகிறது. அதுவும் கீறல்தானா?
— வாசகர், மதுரை

பதில்: கத்தியை நன்றாகத் துடைத்து, அந்த இடத்தில் ஒரு துளி மெல்லிய எண்ணெய் விட்டு, மேற்பரப்பைத் துடைத்துவிட்டுச் சற்று நேரம் கழித்துப் பாருங்கள். கோட்டிலிருந்து எண்ணெய் கசிந்து வந்தால் அது வெடிப்பு. கோடு கத்தியின் இரு பக்கமும் ஒரே இடத்தில் தெரிந்தாலும் வெடிப்பே. குழிவாகக் கடைந்த கத்தியில் வெடிப்பு ஒருநாள் திடீரென்று ஓடி, ஒரு துண்டே பெயர்ந்து விழக்கூடும். அது உங்கள் கன்னத்தின் மேல் நிகழலாம். அந்தக் கத்தியைத் தீட்டவும் வேண்டாம், சவரத்துக்கு எடுக்கவும் வேண்டாம்.

கேள்வி: மூளியுள்ள கத்தியைத் தோல்வாரில் தீட்டியதில் வாரிலும் கீறல் விழுந்துவிட்டது. அந்த வாரைப் பயன்படுத்தலாமா?
— வாசகர், சேலம்

பதில்: கீறல் மேலோட்டமாக, தோல் கிளம்பாமல் இருந்தால் பயன்படுத்தலாம். தோலின் ஓரம் தூக்கிக்கொண்டு நின்றால் ஒவ்வொரு இழுப்பிலும் வாய் அதில் மோதும். 400 நம்பர் உப்புத்தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றி, அந்த இடம் வழவழப்பாகும்வரை தேய்த்து, தூசியைத் துடைத்துவிடுங்கள். வாரின் ஓரத்தில் விழுந்த வெட்டாக இருந்தால் அந்தத் துணுக்கை வெட்டி நீக்கி ஓரத்தைத் தேய்த்துவிடலாம். நடுவில் ஆழமாக வெட்டுப்பட்டிருந்தால் மட்டுமே வாரை மாற்ற வேண்டியிருக்கும். எதுவாயினும், மூளி முற்றிலும் நீங்கி 8000 நம்பர் கல்லைக் கடந்த கத்தியைத் தவிர வேறெதையும் வாரில் வைக்காதீர்கள். சவரம் முடிந்ததும் வாயைக் கழுவி, துணியால் முதுகிலிருந்து வாயை நோக்கி ஒற்றித் துடைத்து, ஒரு துளி தையல் இயந்திர எண்ணெய் தடவி, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். குளியலறை அலமாரி அதற்கு ஏற்ற இடமன்று.